வெட்டு, கழி, குடை: திண்ம உருவமைப்புக் கட்டளைகளைத் தமிழாக்குவதில் எழும் பொருள்மயக்கம்

தமிழ்நாட்டுப் பள்ளிக் கணிதப் பாடநூல்களில் இரு கணங்களுக்கும் பொதுவான உறுப்புகளைக் கொண்ட கணம் அவற்றின் 'வெட்டு' எனப்படுகிறது. கணிப்பொறிவழிப் பொறியியல் வரைவில் ஒரு திண்மத்திலிருந்து மற்றொரு திண்மம் அடைக்கும் இடத்தை நீக்கும் கட்டளை ஆங்கிலத்தில் 'கட்' எனப்படுகிறது. 'கட்' என்பதற்கு அகராதிகள் தரும் முதற்பொருளும் 'வெட்டு' என்பதே. முதல் வழக்கின்படி வெட்டு என்பது பொதுப்பகுதியை மட்டும் எஞ்சவைக்கும் செயல். இரண்டாவதன்படி பொதுப்பகுதியை இல்லாமற் செய்யும் செயல். ஒரே சொல் ஒரே துறைக்குள் ஒன்றற்கொன்று நேர்மாறான இரு விளைவுகளைக் குறிக்க நேர்கிறது. இம்மயக்கம் எவ்வாறு தோன்றுகிறது, அதனைக் கலைச்சொல்லாக்கத்தால் மட்டும் நீக்கவியலுமா என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இது ஏட்டளவிலான சிக்கல் அன்று. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் இயந்திரவியல், கட்டடவியல் ஆகிய பொறியியற் பிரிவுகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான பாடநூல்களைச் சென்னையிலுள்ள நிமி நிறுவனம் தமிழிலும் வெளியிடுகிறது. மும்பை பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'ஸ்போக்கன் டுட்டோரியல்' திட்டம் மென்பொருட் பயிற்சிப் பாடங்களைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் ஒலிப்பதிவு செய்து வழங்குகிறது. இவை அனைத்திலும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் 'கட்' என்னும் சொல்லை ஒருநாள் எதிர்கொண்டே தீரவேண்டும்.

1. செயல்களும் விளைவுகளும்

திண்ம உருவமைப்பு என்பது ஒரு பொருளின் முப்பரிமாண வடிவை எளிய திண்மங்களின் சேர்க்கையாகவும் நீக்கமாகவும் கட்டி எழுப்பும் முறை. இதில் பயன்படும் மூன்று அடிப்படைச் செயல்களும் ஜார்ஜ் பூல் (1815–1864) பெயரால் பூலியன் செயல்கள் எனப்படுகின்றன. 1970களில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வோல்க்கர், ரெக்விச்சா ஆகியோர் இவற்றைத் திண்மங்களுக்கு ஏற்ப வரையறுத்தனர். கணக் கோட்பாட்டுச் செயல்களை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாமையே அதற்குக் காரணம். ஒரு முகத்தில் மட்டும் ஒட்டி நிற்கும் இரு கனசதுரங்களின் பொதுப்பகுதி, கணக் கோட்பாட்டின்படி ஒரு சதுரம். திண்ம உருவமைப்பிலோ கனஅளவற்ற அச்சதுரம் பொருளாகாது, விளைவு வெறுமையே. பள்ளியின் 'வெட்டு' பொறியியலுக்குள் நுழையும்போதே சற்றுப் பொருள் மாறிவிடுகிறது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டு விளைவுகளைத் தெளிவாக்கும். 100 மி.மீ. நீளம், 60 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிப்பு உடைய எஃகுத் தகடு ஒன்றைக் கொள்க. அதன் நடுவே 22 மி.மீ. விட்டமும் 30 மி.மீ. உயரமும் உடைய உருளை, தகட்டின் மேலும் கீழும் 10 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கிறது. தகட்டின் கனஅளவு 60,000 கன மி.மீ.; உருளையினுடையது ஏறத்தாழ 11,404. இரண்டையும் ஒன்றாக்கினால் இருபுறமும் குமிழ் உடைய தகடு கிடைக்கும், கனஅளவு 67,603. தகட்டிலிருந்து உருளையைக் கழித்தால் துளையுள்ள தகடு, 56,199. பொதுப்பகுதியை மட்டும் எடுத்தால் 10 மி.மீ. தடிப்புள்ள சிறு வில்லை, 3,801. உருளையிலிருந்து தகட்டைக் கழித்தாலோ ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு குட்டை உருளைகள். இரண்டும் சேர்ந்து 7,603.

துளையிட்ட தகட்டை எதிர்பார்த்தவர் கையில் வில்லையோ துண்டுகளோ வந்து சேர்வது சொல்லின் பிழையால் நிகழக்கூடியது. 'தகட்டுக்கும் உருளைக்கும் வெட்டு காண்க' என்றால் பள்ளிக் கணிதம் நன்கு பயின்றவர் வில்லையையே பெறுவார். அவர் செய்ததில் தவறு இல்லை.

2. மும்பையில் இதே மயக்கம்

மும்பைத் தமிழர் நடுவே இம்மயக்கம் இருமடங்காகிறது. தாராவியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் தொழிலை நாடி வந்தோர் வழியினரும், மாட்டுங்காவில் தஞ்சை, பாலக்காட்டுப் பகுதிகளிலிருந்து அலுவலகப் பணிக்கு வந்தோர் வழியினரும், பின்னர்ச் செம்பூருக்குப் பரவியோருமாகத் தமிழர் குடியிருப்புகள் பல காலங்களில் அமைந்தவை. வீட்டில் தமிழும் பட்டறையிலும் தெருவிலும் இந்தியும் பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் மராத்தியும் தொழிற்கல்வியில் ஆங்கிலமும் என நான்கு மொழிகள் ஒருவர் வாழ்விலேயே கலந்து வருவது இங்கு இயல்பு. 1887இல் தொடங்கப்பெற்று இன்று மாட்டுங்காவில் இயங்கும் வீர்மாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிறுவனம் போன்றவற்றில் வரைவுக் கட்டளைகள் ஆங்கிலத்திலேயே கற்கப்படுகின்றன.

மராத்திவழிக் கணிதத்தில் கணங்களின் பொதுப்பகுதிக்குரிய சொல் 'சேத்'. கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதையும் அதே வேரால் குறிப்பர். பின்னத்தின் பகுதியும் 'சேத்' தான். இந்தியிலோ அச்சொல்லுக்கு அன்றாட வழக்கில் துளை, ஓட்டை என்பதே பொருள். ஆக, ஒரே ஒலிவடிவம் மராத்தி வகுப்பறையில் வில்லையையும் இந்தி பேசும் பட்டறையில் துளையையும் குறிக்கிறது. இச்சொல்லின் மூலம் வெட்டுதலைக் குறிக்கும் வடமொழி வேர். அதன் வழிவந்த 'சேதம்' தமிழில் அழிவைக் குறிக்கும். 'சிரச்சேதம்' என்னும் தொடரில் வேர்ப்பொருள் இன்றும் கூர்மையாகவே இருக்கிறது.

தமிழும் மராத்தியும் தனித்தனியே ஒரே இடத்தில் இடறியமைக்குக் காரணம் உண்டு. இரு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் அவற்றுக்குப் பொதுவான புள்ளி. 'வெட்டு' என்னும் செயலின் பெயர் முதலில் அப்பொதுப்புள்ளிக்கும், பின்னர்ப் பொதுவான உறுப்புகள் அனைத்துக்கும் ஆகுபெயராய்ப் பெயர்ந்தது. ஆங்கிலத்தின் 'இன்டர்செக்‌ஷன்' என்னும் சொல்லும் வெட்டுதலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து இவ்வாறே உருவானது. ஆனால் ஆங்கிலத்தில் கைவினையின் வெட்டுக்கு வேறு அடுக்கைச் சேர்ந்த 'கட்' என்னும் சொல் இருப்பதால் பொதுமக்கள் இரண்டையும் தொடர்புபடுத்துவதில்லை. கடன்சொல் அடுக்கு ஒன்று அம்மொழிக்குச் செய்த உதவி இது. தமிழில் கணிதச் சொல்லும் கைவினைச் சொல்லும் ஒன்றே.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இவ்வகையில் ஒரு படி முன்னே நிற்கின்றன. அங்குக் கணம் 'தொடை', சேர்ப்பு 'ஒன்றிப்பு', வெட்டு 'இடைவெட்டு'. தொடை என்றதும் எதுகை மோனையை நினைக்கும் தமிழ்நாட்டு வாசகர் சற்றுத் திகைக்கலாம். ஆயினும் 'இடை' என்னும் முன்னொட்டு வெட்டுதலிலிருந்து பொதுப்பகுதியைப் பிரித்துக் காட்டுகிறது என்பதை மறுக்க இயலாது.

3. ஒரு செயல், மூன்று வேற்றுமைச் சட்டகங்கள்

கலைச்சொல் பட்டியல்கள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களின் பட்டியல்கள். கட்டளைகளோ வினைகள். ஒரு வினை எவ்வேற்றுமைகளை ஏற்கிறது என்பதை விட்டுவிட்டு அதற்கு நிகரன் தேடுவது பாதி வேலையே ஆகும்.

மேற்கூறிய தகட்டில் துளை உண்டாக்கும் செயலைத் தமிழில் குறைந்தது மூன்று வகையாகச் சொல்லலாம்: 'தகட்டிலிருந்து உருளையைக் கழி', 'உருளையால் தகட்டைக் குடை', 'தகட்டில் துளையை இடு'. மூன்றிலும் விளைவு ஒன்றே. ஆனால் இரண்டாம் வேற்றுமை ஏற்கும் பெயர் ஒவ்வொன்றிலும் வேறு. முதல் தொடரில் நீக்கப்படும் உருளையும், இரண்டாவதில் வடிவு மாறும் தகடும், மூன்றாவதில் அதுவரை இல்லாத துளையும் செயப்படுபொருள்கள். இரண்டாம் வேற்றுமைக்கு நன்னூல் கூறும் பொருள்களுள் நீத்தல், அழித்தல், ஆக்கல் என்பன முறையே இவற்றோடு பொருந்தி வருவதைக் காணலாம். நன்னூலார் இயந்திரப் பட்டறையை எண்ணிச் சூத்திரம் செய்யவில்லை. ஆயினும் அவர் பகுப்பு இங்குப் பயன்படுகிறது.

'வெட்டு' என்னும் வினை இரண்டாம் சட்டகத்தைச் சார்ந்தது: 'கத்தியால் தகட்டை வெட்டு'. மென்பொருள்களின் 'கட்' கட்டளையும் கருத்தளவில் இதுவே. ஃப்ரீகேட் என்னும் மென்பொருள் இக்கட்டளையின் இரு உறுப்புகளை அடி என்றும் கருவி என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களால் குறிக்கிறது. தமிழில் 'அடித்திண்மம்', 'கருவித்திண்மம்' எனலாம். இலக்கணப் பயிற்சியுடையோருக்கு 'நிலைமொழி', 'வருமொழி' என்பவற்றை ஒட்டி 'நிலைத்திண்மம்', 'வருதிண்மம்' எனப் படைக்கும் ஆசை எழலாம். அது பொருந்தாது. புணர்ச்சியில் வருமொழி எஞ்சி நிற்கிறது. இங்கோ கருவியாகிய திண்மம் தன் தடத்தை மட்டும் விட்டு மறைகிறது.

எனவே 'குடை' என்னும் வினை வெட்டினும் சிறந்தது எனத் தோன்றுகிறது. அதற்கு வெட்டைப் போலப் பொதுப்பகுதி என்னும் கணிதப் பொருள் இல்லை. நீக்கி வெற்றிடம் உண்டாக்குதல் என்பது அதன் மையப்பொருள். மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் அமைத்த கோயிலைக் குடைவரை என்கிறோம். கல்லை அடுக்கிக் கட்டியதைக் கட்டுமானக் கோயில் என்கிறோம். மும்பைப் புறநகரின் கன்னேரிக் குகைகளும் குடைந்தவையே. கழித்து உருவாக்குதலையும் சேர்த்து உருவாக்குதலையும் தமிழ் கட்டடக்கலை வழக்கு ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் தகட்டின் ஓரத்தில் ஒரு மூலையை நீக்குவதைக் 'குடைதல்' எனல் இயலாது. அங்குக் 'கழி' என்பதே பொருந்தும். பொதுக்கட்டளைக்குக் 'கழி', உட்குழிவு உண்டாகும் இடங்களில் 'குடை' எனக் கொள்வது தக்கது.

4. பெயரெச்சம் விழுங்கும் வேற்றுமை

கழித்தலில் வரிசை முக்கியமானது. தகட்டிலிருந்து உருளையும் உருளையிலிருந்து தகடும் ஒன்றல்ல என்பதை மேற்காட்டிய கனஅளவுகள் தெரிவிக்கும். ஓப்பன்ஸ்கேட் என்னும் மென்பொருளில் முதலில் எழுதப்பட்ட திண்மத்திலிருந்து பின்னர் எழுதப்பட்டவை அனைத்தும் கழிக்கப்படும். அங்குச் சொல்வரிசையே வேற்றுமையின் பணியைச் செய்கிறது. ஆட்டோகேட் மென்பொருளோ பயனரிடம் இருமுறை கேட்கிறது. முதலில், எவற்றிலிருந்து கழிக்க வேண்டும் என்பது. அடுத்து, எவற்றைக் கழிக்க வேண்டும் என்பது. ஆங்கிலத்தில் இவ்விரு அறிவுறுத்தல்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு, முதலாவதன் இறுதியில் நிற்கும் நீங்கற்பொருள் காட்டும் ஒரு சிறு சொல் மட்டுமே.

இவற்றைத் தமிழின் இயல்பான அமைப்பாகிய பெயரெச்சத்தால் பெயர்ப்பவர் இரண்டையும் 'கழிக்க வேண்டிய திண்மங்களைத் தேர்க' என்றே எழுத நேரும். கவனக்குறைவு மட்டும் இதற்குக் காரணமன்று. தமிழ்ப் பெயரெச்சத்தில் தழுவப்படும் பெயருக்கும் எச்சவினைக்கும் உள்ள வேற்றுமை உறவு உருபால் காட்டப்படுவதில்லை. 'வெட்டிய மரம்', 'வெட்டிய கத்தி', 'வெட்டிய ஆள்', 'வெட்டிய இடம்' ஆகியவற்றில் உறவை உணர்த்துவது உலக அறிவே. நீங்கற்பொருள் மேலும் இடர் தருவது. 'அவன் வந்த ஊர்' என்றால் வந்துசேர்ந்த ஊரா, புறப்பட்டு வந்த ஊரா என்பது தொடரளவில் தெளிவாவதில்லை. மரமும் கத்தியும் வேறுவேறு வகைப் பொருள்கள். ஆகவே மயக்கம் இல்லை. ஆனால் கழித்தலில் இரு உறுப்புகளும் திண்மங்களே. உலக அறிவு இங்கு உதவாது. முதல் வினாவுக்கு உருளையைச் சுட்டும் பயனர் இறுதியில் இரு குட்டை உருளைகளைக் காண்பார்.

இத்தகைய இடங்களில் பெயரெச்சத்தைக் கைவிட்டு வினாத்தொடர் அமைப்பதே பாதுகாப்பானது: 'எத்திண்மத்திலிருந்து கழிக்க வேண்டும்?' 'எத்திண்மத்தைக் கழிக்க வேண்டும்?' உருபுகள் வினாப்பெயரின் மீதே ஏறி நிற்பதால் மயக்கம் எழ வழியில்லை. ஆங்கிலத்தைவிடத் தமிழ் இங்குத் தெளிவாகவே பேசக்கூடியது.

ஸ்போக்கன் டுட்டோரியல் பாடங்களின் அமைப்பு இக்கருத்துக்குத் துணைநிற்கிறது. அவற்றில் திரையிற் காணும் கட்டளைகள் ஆங்கிலத்திலேயே இருக்கும். குரல் மட்டும் தமிழில் அமையும். ஆகவே கட்டளையின் பெயரை ஒலிபெயர்த்துக் 'கட்' என்று சொல்லிவிடுவது மொழிபெயர்ப்பாளருக்கு இன்றியமையாததாகிறது. தனித்தமிழ் ஆர்வலர் இதனை விரும்பமாட்டார். எனினும் ஒலிபெயர்ப்புக்கு இங்கு ஒரு நன்மை உண்டு: 'கட்' என்பது பள்ளியின் 'வெட்டு' அன்று என்பதைக் கேட்பவர் உடனே உணர்கிறார். ஒலிபெயர்த்த சொல்லைத் தொடர்ந்து 'இதிலிருந்து இதை' என வேற்றுமை தெளிந்த தமிழ்த்தொடர் ஒன்று வருமாயின் போதும். அத்தொடர் இல்லாவிடில் தூய தமிழ்ச்சொல்லும் பயன்தராது.

5. சேர்த்தல்

சேர்க்கும் செயலில் வரிசைச் சிக்கல் இல்லை. சொற்சிக்கல் மட்டும் உண்டு. 'இணை' என்னும் வினை இரு பொருள்களும் தம் தனித்தன்மையை இழக்காமல் கூடுவதைக் குறிக்கும். போல்ட்டால் பிணைக்கப்பட்ட இரு தகடுகள் இணைந்தவை. கழற்றினால் மீண்டும் இரண்டாகும். உருவமைப்பு மென்பொருள்களில் பல உறுப்புகளைப் பொருத்தி ஒரு பொறியாக்கும் கட்டத்துக்கு 'இணைப்பு' என்னும் சொல் தேவைப்படுவதால் அதனை இங்குச் செலவிடலாகாது. பொற்கொல்லரின் பற்றாசு வைத்து ஒட்டுதலும் இதற்கு ஒப்பாகாது. யாப்பிலக்கணத்தார் வெண்பாவில் 'ஆசு' என்று சொன்னது, ஒட்டுவதற்கென இடையில் வைக்கப்படும் பொருளை மனத்தில் கொண்டே. பூலியன் சேர்க்கையில் அத்தகைய இடைப்பொருள் ஏதுமில்லை. இரண்டுக்கும் இடையிலிருந்த எல்லையே மறைந்துவிடுகிறது. அவ்வகையில் தமிழ்நாட்டின் 'சேர்ப்பு' என்பதைவிட இலங்கையின் 'ஒன்றிப்பு' திண்மங்களுக்கு நன்கு பொருந்துகிறது.

6. வரிசையும் துணையலகும்

துணையலகு சார் உருவமைப்பில் வடிவம் ஒருமுறை வரையப்பட்டு முடிந்துவிடுவதில்லை. செயல்கள் வரிசையாகப் பதிந்து வைக்கப்படும். ஓர் அளவை மாற்றினால் அவ்வரிசை முழுதும் மீண்டும் நிகழ்த்தப்படும். 1987இல் வெளிவரத் தொடங்கிய ப்ரோ எஞ்சினியர் என்னும் மென்பொருளே இம்முறையைத் தொழிலுலகில் பரவலாக்கியது.

மொழியியலாளருக்கு விதிவரிசை புதிதன்று. 'மரம்' என்பதோடு 'கிளை' புணர்கையில் மகரம் கெட்ட பின்னரே ககர ஒற்றுத் தோன்றி 'மரக்கிளை' ஆகிறது. கெடுதல் தோன்றலுக்கு இடமளிக்கிறது. உருவமைப்பிலும் இவ்வாறே. தகட்டில் துளையிட்டபின் அதே இடத்தில் குமிழ் ஒன்றை ஒன்றித்தால் துளை அடைபடும். குமிழை ஒன்றித்தபின் துளையிட்டால் துளை இரண்டையும் ஊடுருவும். பயிற்சி நூல்களைப் பெயர்ப்போர் 'துளையிட்டுக் குமிழை ஒன்றிக்கவும்' என்பதில் வினையெச்சம் காட்டும் காலமுறையை அழகு கருதி மாற்றிவிடலாகாது.

துளையின் விட்டமும் தனி எண்ணாக இராமல் ஓர் உறவாக இருப்பது வழக்கம். எஃகுக் கட்டமைப்புக்கான இந்தியத் தரநிலை 800 (2007), 20 மி.மீ. போல்ட்டுக்கு 22 மி.மீ. துளையையும் 24 மி.மீ. போல்ட்டுக்கு 26 மி.மீ. துளையையும் விதிக்கிறது, 24 மி.மீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கு 3 மி.மீ. கூட்டவேண்டும். பவாய்க் கழகத்தில் உருவான ஓஸ்டாக் என்னும் கட்டற்ற மென்பொருள் இத்தரநிலையின்படி எஃகு இணைப்புகளைக் கணக்கிட்டு முப்பரிமாணத்தில் காட்டுகிறது. அதில் துளை என்பது போல்ட்டைப் பொறுத்து மாறும் ஒன்று.

இங்குத் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று எழுகிறது. ஆங்கிலத்தின் 'ஹோல்' ஊடுருவுவதையும் ஊடுருவாமல் நிற்பதையும் ஒருசேரக் குறிக்கும். தமிழில் பெரும்பாலும் மறுபுறம் திறந்தது துளை, திறவாதது குழி. 10 மி.மீ. ஆழம் எனக் குறித்து 10 மி.மீ. தகட்டில் இட்ட துளை, தகட்டின் தடிப்பு 12 மி.மீ. ஆக மாற்றப்பட்டதும் குழியாகிவிடும். அடியில் 2 மி.மீ. உலோகம் எஞ்சும், போல்ட் நுழையாது. ஆங்கிலத்தில் அச்செயலின் பெயர் மாற்றத்துக்குப் பின்னும் பிழையாவதில்லை. தமிழில் 'துளை 1' எனப் பதிந்த பெயர் பொருந்தாமற் போகும். பயிற்சிப் பாடங்களில் ஆழத்தை எண்ணால் குறிக்கும் கட்டளைக்குக் 'குழி' என்றும், தடிப்பு எதுவாயினும் முழுதும் ஊடுருவச் செய்யும் கட்டளைக்குத் 'துளை' என்றும் பெயரிட்டால், எதனைத் தேர்வது என்பதைச் சொல்லே பயில்வோருக்குக் காட்டிவிடும்.